வெளியே தள்ளிய சக்கரம் ஏன் உரசுகிறது?

பிக்கப் வண்டிக்குப் புது அலாய் வீல் மாட்டியவர்கள் பலருக்கும் வரும் சந்தேகம் இது. டயர் பழைய அளவுதான். ஆறு நட்டும் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டன. புதுச் சக்கரம் பழையதைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறது. அப்படியென்றால் சஸ்பென்ஷனை விட்டும் சேசிஸை விட்டும் அது விலகித்தானே போயிருக்கிறது? ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டின் உட்புறத்தில் டயர் உரசுகிறது. முன்னால் பம்பர் ஓரத்திலோ பின்னால் கதவுப் பக்கத்திலோ பிளாஸ்டிக் தேய்ந்து போகிறது. விலகிப் போன பொருள் எப்படி இடிக்கும்?

அரியலூர் மாவட்டம் ஆண்டிமடம் வட்டத்தில் இருக்கும் வரதராஜன்பேட்டை போன்ற பேரூராட்சியில் இந்தக் கேள்விக்கு நடைமுறைப் பயன் உண்டு. சுற்றிலும் முந்திரித் தோப்புகள், செம்மண் தடங்கள், இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்கியே ஆக வேண்டிய குறுகிய தார்ச்சாலைகள். இங்கே பிக்கப் என்பது பெரும்பாலும் உழைக்கிற வண்டி. மூட்டை ஏற்றுகிற மகிந்திரா பொலேரோ பிக்கப்பும் சரி, 2016-இல் இந்தியாவுக்கு வந்த இசுசு வி-கிராஸும் 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸும் சரி, எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஓர் எண்ணைப் பற்றியது இந்த அத்தியாயம். அந்த எண்ணைப் பார்க்காமல் அழகை மட்டும் பார்த்து வாங்கும் சக்கரம், வண்டியின் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுகிறது.

நடுக்கோடும் ஹப் முகமும்

சக்கரத்தின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு கோட்டை மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அது நடுக்கோடு. சக்கரம் வண்டியின் ஹப்பில் ஒட்டி உட்காரும் தட்டையான பரப்பு ஹப் முகம். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்துக்குக் கடைகளில் ஆஃப்செட் என்று பெயர். நாம் அதை நடுவிலகல் என்று சொல்லலாம். ஹப் முகம் நடுக்கோட்டைவிட வெளிப்பக்கமாக இருந்தால் நடுவிலகல் கூட்டல் எண். அப்போது சக்கரத்தின் பெரும்பகுதி வண்டிக்குள் நுழைந்து நிற்கும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் பூஜ்யம். ஹப் முகம் உட்பக்கமாகப் போனால் கழித்தல் எண். அப்போது சக்கரம் வெளியே துருத்தி நிற்கும். பெரும்பாலான அலாய் வீல்களில் ஸ்போக்கின் பின்புறம் ஈ.டி. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மில்லிமீட்டர் கணக்கில் வார்த்திருப்பது இந்த எண்தான்.

எழுத்து அழிந்திருந்தாலும் கவலையில்லை. சக்கரத்தை முகம் கீழாகப் படுக்க வைத்து, மேலே தெரியும் பின் விளிம்பின் குறுக்கே நேரான ஒரு ரீப்பர் கட்டையை வையுங்கள். கட்டையின் அடியிலிருந்து ஹப் முகம் வரை உள்ள ஆழத்தை அளவுகோலால் எடுங்கள். பிறகு விளிம்புக்கு விளிம்பு மொத்த அகலத்தை அளந்து பாதியாக்குங்கள். ஆழத்திலிருந்து அந்தப் பாதியைக் கழித்தால் மிஞ்சுவது நடுவிலகல். ஏழரை அங்குலச் சக்கரம் என்றால் டயர் உட்காரும் இடம்தான் ஏழரை அங்குலம். இரு பக்க உதடுகளையும் சேர்த்து மொத்த அகலம் ஏறத்தாழ 216 மி.மீ. வரும். பாதி 108. ஆழம் 138 இருந்தால் நடுவிலகல் கூட்டல் 30.

ஒன்பது அங்குலக் கணக்கு

ஹைலக்ஸையே எடுத்துக்கொள்வோம். ஊரில் அது அதிகம் ஓடுவதில்லை என்றாலும் அதன் எண்கள் கணக்குக்கு வசதியானவை. கம்பெனி தருவது 18 அங்குல விட்டம், ஏழரை அங்குல அகலம், நடுவிலகல் கூட்டல் 30. டயர் 265/60 ஆர் 18. இதைக் கழற்றிவிட்டு, முறுக்கான தோற்றத்துக்காக ஒன்பது அங்குல அகலமும் பூஜ்ய நடுவிலகலும் கொண்ட சக்கரத்தை ஒருவர் மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் உயரத்தை அவர் தொடவில்லை.

உதடுகளைச் சேர்க்காமல் பார்த்தால், பழைய சக்கரத்தின் அகலத்தில் பாதி 95 மி.மீ. நடுவிலகல் 30 என்பதால் ஹப் முகத்திலிருந்து உள்ளே 125 மி.மீ., வெளியே 65 மி.மீ. நிற்கிறது. புதுச் சக்கரத்தில் பாதி 114 மி.மீ.; நடுவிலகல் இல்லாததால் உள்ளேயும் வெளியேயும் அதே 114. ஆக, உட்பக்கம் 11 மி.மீ. விலகிவிட்டது, வெளிப்பக்கம் 49 மி.மீ. துருத்திவிட்டது. நடுக்கோடு முழுசாக 30 மி.மீ. வெளியே போய்விட்டது. உள்ளே இடம் கிடைத்ததை மட்டும் பார்க்கிறவர் நிம்மதியடைவார். கவனிக்க வேண்டியது கடைசி எண்ணை. நடுக்கோட்டின் அந்த 30 மில்லிமீட்டர்தான் இனி வரும் எல்லாச் சிக்கலுக்கும் மூலம். சக்கரத்தை மாற்றாமல் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே 30 மி.மீ. ஸ்பேசர் போட்டாலும் நடுக்கோடு அதே அளவுதான் நகரும், விளைவும் அதேதான்.

திருப்பும்போது நடப்பது

முன் சக்கரம் தன் நடுவைச் சுற்றித் திரும்புவதில்லை. சஸ்பென்ஷனின் மேல் பால் ஜாயின்டையும் கீழ் பால் ஜாயின்டையும் இணைக்கும் சாய்ந்த கோடு ஒன்று இருக்கிறது. சக்கரம் திரும்புவது அந்தக் கோட்டைச் சுற்றித்தான். இதைத் திருப்பு அச்சு என்போம். அந்த அச்சு சக்கரத்துக்கு உட்பக்கமாக, வண்டியோடு நிலையாக இருக்கிறது. சக்கரத்தை வெளியே தள்ளினாலும் அச்சு நகர்வதில்லை. அதனால் டயரின் வெளி ஓரம் அச்சிலிருந்து இன்னும் தூரமாகிறது, திரும்பும்போது பெரிய வட்டம் போடுகிறது.

நேராக ஓடும்போது இந்தத் தூரம் பக்கவாட்டில் மட்டும் இருக்கிறது, எதையும் இடிப்பதில்லை. சக்கரத்தை 30 டிகிரி திருப்பினால், வெளியே தள்ளிய தூரத்தில் சரிபாதி முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ திரும்பிவிடுகிறது. நம் கணக்கில் 30 மில்லிமீட்டருக்குப் பாதி 15. வலது பக்கச் சக்கரத்தை இடப்புறம் ஒடித்தால் டயரின் வெளி முன்மூலை பம்பரை நோக்கி 15 மி.மீ. கூடுதலாக நீள்கிறது. வலப்புறம் ஒடித்தால் வெளிப் பின்மூலை கதவுப் பக்கம் அதே அளவு நீள்கிறது. கம்பெனி விட்டிருந்த இடைவெளி அதைவிடக் குறைவாக இருந்தால் உரசல் தொடங்கிவிடும். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: பக்கவாட்டில் விலகியது, திருப்பும்போது முன்னும் பின்னுமாக நீள்கிறது.

உயரம் கூட்டாத வண்டியில் இன்னொன்றும் சேரும். பள்ளத்தில் இறங்கி சஸ்பென்ஷன் அமுங்கும்போது, பழைய சக்கரம் மட்கார்டு வளைவுக்குள்ளே மேலே போய் அடங்கும். துருத்தி நிற்கும் டயர் உள்ளே போக முடியாமல், வளைவின் தகர விளிம்பு டயரின் தோளில் வந்து உட்காரும். வண்டியின் உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட் போட்டால் இது தீரும் என்பது உண்மை. ஆனால் லிஃப்ட் கிட் தீர்ப்பது இதை மட்டும்தான். அடுத்துச் சொல்லப் போகும் இரண்டையும் அது தொடுவதில்லை.

செம்மண்ணில் இடது, தாரில் வலது

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி. திருப்பு அச்சைத் தரை வரை நீட்டினால் அது ஒரு புள்ளியில் போய்த் தொடும். டயர் தரையைத் தொடும் பரப்பின் நடுவும் ஒரு புள்ளி. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை உரசு ஆரம் என்று அழைப்போம். பிரேக் அழுத்தும்போது தரை டயரைப் பின்னோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பு அச்சுக்கு வெளியே விழுந்தால் சக்கரத்தை வெளிப்புறமாகத் திருப்பப் பார்க்கும். இரண்டு முன் சக்கரங்களிலும் இழுப்பு சமமாக இருந்தால் ஒன்றையொன்று ஈடு செய்து, ஸ்டியரிங்கில் எதுவும் தெரியாது. சமமில்லாதபோதுதான் ஆபத்து.

ஆண்டிமடம் பக்கத்துச் சாலை ஒன்றில் எதிரே லாரி வருகிறது. பிக்கப் ஓட்டுநர் இடது சக்கரங்களைச் செம்மண்ணில் இறக்குகிறார். வலது சக்கரங்கள் தாரில் இருக்கின்றன. திடீரென்று பிரேக் அழுத்துகிறார். மண்ணில் பிடிப்புக் குறைவு, தாரில் பிடிப்பு அதிகம். வலது பக்கம் அதிகமாக இழுபடுவதால் வண்டியின் மூக்கு முதலில் தானாகவே வலப்புறம் திரும்பப் பார்க்கும். அதே நேரம் வலது முன் சக்கரத்தின் மீது விழும் கூடுதல் இழுப்பு, உரசு ஆரத்தின் வழியாக அந்தச் சக்கரத்தையும் வெளியே, அதாவது வலப்புறமே திருப்பும். இரண்டும் ஒரே திசை. அந்தத் திசையில்தான் லாரி வந்துகொண்டிருக்கிறது. நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால், ஓரத்தில் இறங்கிப் பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் தள்ளுதல் எதிர்வண்டியை நோக்கியே இருக்கும்.

தொழிற்சாலையில் உரசு ஆரம் 10 மி.மீ. இருந்தது என்றும், இரு பக்க இழுப்புக்கும் வித்தியாசம் 200 கிலோ எடைக்குச் சமம் என்றும் கொள்வோம். திருப்பும் விசை 2 கிலோகிராம்-மீட்டர். நடுக்கோட்டை 30 மி.மீ. வெளியே தள்ளினால் ஆரம் 40 ஆகிறது, விசை 8 கிலோகிராம்-மீட்டர். பிரேக்கும் டயரும் ரோடும் மாறவில்லை. ஸ்டியரிங்கைப் பறிக்கும் விசை மட்டும் நான்கு மடங்கு. உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் தொடக்க ஆரம் எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்கு அந்த 30 மி.மீ. பெரிய மடங்காகக் கூடும். குழியில் ஒரு சக்கரம் மட்டும் விழும்போது ஸ்டியரிங் கையில் உதறுவதும் இதே ஆரத்தால்தான்.

இந்தத் தூரத்தைக் கார்ப் பொறியாளர்கள் எவ்வளவு கவனமாக வைக்கிறார்கள் என்பதற்கு 1972-இல் வெளிவந்த ஆடி 80 நல்ல சாட்சி. அதில் திருப்பு அச்சு டயர் நடுவுக்கு வெளியே தரையைத் தொடும்படி அமைத்தார்கள். உரசு ஆரம் கழித்தல் எண் ஆனது. அதனால் ஒரு பக்கம் அதிகமாக இழுபடும்போது சக்கரம் எதிர்த்திசையில் திரும்பி வண்டியை நேராக்கப் பார்த்தது. பொறியாளர்கள் சில மில்லிமீட்டர்களை நகர்த்திப் பெற்ற பாதுகாப்பை, நாம் கடையில் நின்று சில சென்டிமீட்டர்களைக் கொடுத்து இழந்துவிடுகிறோம்.

வீல் அலைன்மென்ட் செய்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அலைன்மென்ட் மெஷின் டோ, கேம்பர், கேஸ்டர் ஆகிய கோணங்களைப் பார்க்கிறது. டயர் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை அது சரிசெய்ய முடியாது. திரையில் எல்லாம் பச்சையாகக் காட்டினாலும் உரசு ஆரம் அப்படியேதான் இருக்கும்.

பேரிங்கின் மேல் ஏறும் சுமை

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பதற்கும் கையை நீட்டிச் சுமப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். எடை ஒன்றே, தூரம் கூடினால் தாங்குமிடம் நோகும். ஒரு முன் சக்கரத்தின் மேல் 600 கிலோ இருப்பதாகவும், ஹப் பேரிங்கின் இரு வரிசைகளும் 10 செ.மீ. இடைவெளியில் தாங்குவதாகவும், பழைய நடுக்கோடு இரண்டுக்கும் நடுவில் விழுந்ததாகவும் கொள்வோம். வரிசைக்கு 300 கிலோ. நடுக்கோடு 30 மி.மீ. வெளியே போனால் வெளி வரிசை 480 கிலோ தாங்கும், உள் வரிசைக்கு 120 மட்டும். வெளி வரிசையில் சுமை 1.6 மடங்கு.

1947-இல் சுவீடனின் லுண்ட்பெர்க்கும் பால்ம்கிரேனும் வகுத்த விதி பேரிங் உலகில் இன்றும் அடிப்படை. அதன்படி பால் பேரிங்கில் சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகும். ரோலர் பேரிங்கில் இன்னும் சற்று மோசம். 1.6 மடங்கு சுமைக்கு ஆயுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று. நிஜத்தில் சரிவு இவ்வளவு செங்குத்தாக இராது. வளைவுகளில் பக்கவாட்டு விசைகள் சுமையை இங்குமங்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். ஆனாலும் நேர்ச்சாலையில் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கூடுதல் பாரம் விடாமல் இருக்கிறது. மூட்டை ஏற்றும் பிக்கப்பின் பின் ஆக்சிலில் எடை அதிகம் என்பதால் அங்கே இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும்.

‘அகலமாக நின்றால் கவிழாதே?’

நியாயமான கேள்வி. சக்கரங்கள் விலகி நின்றால் வண்டி நிலையாக நிற்கும் என்பது இயற்பியல்படி சரி. எவ்வளவு நிலை கூடுகிறது என்று பார்க்க வேண்டும். இடது வலது சக்கரங்களின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் இத்தகைய வண்டிகளில் சுமார் ஒன்றரை மீட்டர். பக்கத்துக்கு 30 என்று 60 மி.மீ. கூடினால் நான்கு சதவீதம். கவிழாமல் தாங்கும் திறனும் அதே நான்கு சதவீதம்தான் கூடும். வண்டியின் எடை நடு, அதாவது ஈர்ப்பு மையம், தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருந்தால், அது வெறும் 3 செ.மீ. உயர்ந்தாலே இந்த லாபம் போய்விடும். தொட்டியில் இரண்டு அடுக்கு மூட்டை ஏற்றினால் எடை நடு அதைவிட அதிகமாகவே உயரும். வண்டி கவிழாமல் இருக்க வேண்டுமென்றால் சுமையைத் தாழ்த்தி அடுக்குவதிலும் வளைவில் வேகத்தைக் குறைப்பதிலும் கிடைக்கும் பலனுக்கு முன்னால் இந்த நான்கு சதவீதம் மிகச் சிறியது.

கம்பெனியே அகல மாடல் விடுகிறதே என்பது இன்னொரு வாதம். 2022-இல் ஆஸ்திரேலியாவில் டொயோட்டா ஹைலக்ஸ் ரோக் மாடலைச் சுமார் 14 செ.மீ. அகலமாக நிற்கும்படி மாற்றியது. ஆனால் அதற்காக முன் சஸ்பென்ஷனின் கைகளை நீட்டினார்கள், பின் ஆக்சிலையும் நீட்டினார்கள். கையை நீட்டினால் திருப்பு அச்சும் பேரிங்கும் சக்கரத்தோடு சேர்ந்தே வெளியே போகின்றன. சக்கரத்தை மட்டும் தள்ளுவதற்கும் இதற்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம், வேலை வேறு.

‘எத்தனையோ வண்டி இப்படி ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லையே’ என்பதுதான் கடைகளில் அடிக்கடி கேட்கும் பதில். பேரிங் தேய்வு மெதுவாகச் சேர்வது. அது இரையும் முன்பே வண்டி கைமாறியிருக்கலாம். மண் ஓரத்தில் பிரேக் போட்டு வலப்புறம் இழுத்த சம்பவத்தை யாரும் சக்கரத்தின் கணக்கில் எழுதுவதில்லை; ஓட்டுநரின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். சட்டமும் இவர்கள் பக்கம் இல்லை. தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது.

எந்த எண்ணை வாங்குவது

பழைய சக்கரம் நெளிந்தோ விரிசல் விட்டோ போனால் மாற்றித்தான் ஆக வேண்டும். கொஞ்சம் அகலமான சக்கரம் வேண்டும் என்ற ஆசையும் தப்பில்லை. அப்போது நடுக்கோட்டை நகர்த்தாமல் இருப்பதே முதல் வேலை. ஹைலக்ஸுக்கு எட்டு அங்குலச் சக்கரமும் கூட்டல் 25 நடுவிலகலும் எடுத்தால் என்ன ஆகும்? உள்ளே 1 மி.மீ. மட்டும் நெருங்குகிறது, வெளியே 11 மி.மீ. கூடுகிறது, நடுக்கோடு வெறும் 5 மி.மீ. நகர்கிறது. கண்ணுக்குச் சக்கரம் நிரம்பித் தெரியும். ஸ்டியரிங்குக்குப் பெரிதாகத் தெரியாது. அதே எட்டு அங்குலத்தை கூட்டல் 30-இல் எடுத்தால் நடுக்கோடு நகரவே நகராது, ஆனால் உட்பக்கம் 6 மி.மீ. நெருங்கும். மேல் பால் ஜாயின்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைய இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதை வாங்க வேண்டும். உயரம் கூட்டாத பிக்கப்பில் நடுக்கோடு 10 மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது என்பது என் முடிவு. பூஜ்யமும் கழித்தல் எண்களும் இந்த வண்டிகளுக்கு வேண்டாம்.

நடுவிலகல் சரியாக அமைந்தாலும் நட்டு வட்டத்தின் அளவும் ஹப் துளையின் அளவும் பொருந்த வேண்டும். ஹைலக்ஸுக்கு ஆறு நட்டு, 139.7 மி.மீ. வட்டம், துளை 106.1. சக்கரம் தாங்கும் எடை அதில் பொறித்திருக்க வேண்டும். ஜப்பானியத் தரமுள்ள சக்கரமாக இருந்தால் வெறும் ஜே.டபிள்யூ.எல். முத்திரை கார்களுக்கானது, சுமை வண்டிக்கு ஜே.டபிள்யூ.எல்.-டி என்ற முத்திரையைத் தேடுங்கள்.

மாட்டிய பிறகு கடை வாசலில் காலி வண்டியை ஒரு முறை ஒடித்துப் பார்ப்பது போதாது. டயரின் தோள் முழுக்கச் சாக்பீஸ் தேய்த்துவிட்டு, ஒரு முன் சக்கரத்தை அரையடி உயர மேடையில் ஏற்றுங்கள். சஸ்பென்ஷன் அமுங்கியிருக்கும் அந்த நிலையிலேயே ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை ஒடித்து, முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள். அடுத்து மற்ற முன் சக்கரம். மட்கார்டின் உட்புறத்திலோ பம்பர் ஓரத்திலோ சாக்பீஸ் ஒட்டியிருந்தால் அந்தச் சக்கரம் உங்கள் வண்டிக்கு ஆகாது. இதை மாட்டிய அன்றே, கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஓடிக் கீறல் விழுந்த அலாய் வீலைத் திரும்ப எடுத்துக்கொள்ள எந்தக் கடைக்காரரும் சம்மதிப்பது கடினம்.